மழை பெய்தால்: மாவோரி மொழியில் ஒரு பாடம்



“நாளை மழை பெய்தால் வீட்டில் இருப்பேன்” என்கிறார் ஒருவர். “நேற்று மழை பெய்திருந்தால் வீட்டில் இருந்திருப்பேன்” என்கிறார் மற்றொருவர். இரண்டு வாக்கியங்களிலும் மழை, வீடு, நான் என்னும் மூன்று செய்திகள்தாம் உள்ளன. ஆனால் நாளைய மழை பெய்யலாம், பெய்யாமலும் போகலாம். நேற்றைய மழையோ பெய்யவில்லை; இனி யார் நினைத்தாலும் அதைப் பெய்விக்க முடியாது. தமிழ்க் குழந்தை இந்த வேறுபாட்டை யாரும் சொல்லித் தராமலேயே தாயின் மடியில் பிடித்துக்கொள்கிறது. நம் இலக்கண நூலார் இதனைச் ‘செயின்’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் என்று வகுத்தனர். பள்ளியில் அந்தப் பெயரைக் கேட்டு அஞ்சியவர்களும் வீட்டுக்கு வந்து அதைப் பிழையில்லாமல் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

இன்றைய உரையில், நியூசிலாந்தின் பழங்குடியினரான மாவோரி மக்கள் இந்த ‘ஆல்’ வாக்கியத்தை எப்படி அமைக்கிறார்கள் என்று பார்ப்போம். வளர்ந்து ஆளாகிய மாவோரிகள், தங்கள் பாட்டனும் பாட்டியும் மூச்சுவிடுவதுபோல் பேசிய அந்த வாக்கியத்தை வகுப்பறையில் உட்கார்ந்து பழக வேண்டிய நிலை எப்படி வந்தது என்பதையும் காண்போம்.

மாவோரி மொழி நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. நாம் நாள்தோறும் கடையிலும் அலுவலகத்திலும் பேசுகின்ற மலாய் மொழிக்கு அது தூரத்து உறவு. கண்ணை மலாயில் ‘மாத்தா’ என்கிறோம். மாவோரியும் ‘மாத்தா’ என்றே சொல்கிறார். ஐந்து என்பது மலாயில் ‘லீமா’, மாவோரியில் ‘ரிமா’. மீன் ‘ஈக்கான்’, அங்கே ‘இக்கா’. வானம் ‘லாஙிட்’, அங்கே ‘ராஙி’. காது ‘தெலிஙா’, அங்கே ‘தாரிஙா’. கிழக்கே தீவு தீவாகப் பாய்மரம் விரித்துச் சென்ற மக்களோடு பயணம் செய்த சொற்கள் இவை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் ‘ங’ வரிசையைப் பிள்ளைகள் எழுதும்போது, இத்தனை எழுத்துகள் எதற்கு என்று கேட்பதுண்டு. ‘அங்ஙனம்’, ‘இங்ஙனம்’ போன்ற சில சொற்களைத் தவிர அவற்றுக்கு நம்மிடம் வேலையில்லை. மாவோரியில் ‘ங’ ஒலியில் தொடங்கும் சொற்களே ஏராளம். ‘ஙாரோ’ என்றால் மறைந்து போதல். இந்தச் சொல்லைச் சற்று நினைவில் வைத்திருங்கள், மீண்டும் வரும்.

இனி வாக்கியத்துக்கு வருவோம். “கி தே உவா ஆப்போப்போ, கா நோஹோ ஆவ் கி தே காயிஙா.” உவா என்றால் மழை பெய்தல், ஆப்போப்போ என்றால் நாளை, நோஹோ என்றால் இருத்தல், ஆவ் என்றால் நான், காயிஙா என்றால் வீடு. நாளை மழை பெய்தால் நான் வீட்டில் இருப்பேன் என்பது பொருள். தமிழில் ‘ஆல்’ வினையின் வாலில் ஒட்டிக்கொள்கிறது. மாவோரியில் ‘கி தே’ என்னும் இரண்டு சிறு சொற்கள் வாக்கியத்தின் தலையில் வந்து நிற்கின்றன. கேட்பவருக்கு முதல் நொடியிலேயே, வருவது நிபந்தனை என்று தெரிந்துவிடும்.

புதிதாகக் கற்பவர் இங்கேயே ஒருமுறை வழுக்கி விழுவார். வாக்கியத்தை மறுபடி கேளுங்கள். தொடக்கத்திலும் ‘கி தே’. முடிவில் வீட்டுக்கு முன்னாலும் ‘கி தே’. பின்னதற்கு இடப்பொருள், முன்னதற்கு ‘ஆல்’ என்னும் பொருள். சொல் ஒன்றுதான், நிற்கும் இடத்தாலும் தொடர்ந்து வரும் சொல்லாலும் பொருள் மாறுகிறது. அகராதியைப் புரட்டி இதைக் கற்க முடியாது. பலமுறை கேட்டு, பலமுறை சொல்லித்தான் கற்க வேண்டும்.

‘கி தே’ இனி நடக்கக்கூடிய செயலுக்கு உரியது. இப்போது இருக்கும் நிலையைப் பற்றிச் சொல்ல ‘மெஹெமெயா’ என்னும் சொல் உண்டு. “மெஹெமெயா கேய் தே மாத்தே கோயே, மே நோஹோ கோயே கி தே காயிஙா”: உனக்கு உடம்பு சரியில்லை என்றால் நீ வீட்டில் இருக்க வேண்டும். மாத்தே என்பது நோயையும் குறிக்கும், சாவையும் குறிக்கும். மலாய் ‘மாத்தி’யின் உடன்பிறப்பு அது.

மூன்றாவது வகைதான் நுட்பமானது. நடந்து முடிந்ததை, அல்லது நடக்காமல் போனதைத் திரும்பிப் பார்த்துச் சொல்வது. அதற்கு ‘மே இ’ என்று தொடங்க வேண்டும். “மே இ ஹாயிரே மாய் கோயே இனானஹி, குவா கித்தே கோயே இ ஆ இயா”: நேற்று நீ வந்திருந்தால் அவரைப் பார்த்திருப்பாய். வரவில்லை, பார்க்கவில்லை என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. ‘மே இ’ என்று வாய் திறந்ததுமே அந்த ஏமாற்றம் தெரிந்துவிடும். இதே ‘மே’ வேறிடத்தில் ‘வேண்டும்’ என்று கட்டளைப் பொருளும் தரும். சற்றுமுன் சொன்ன வாக்கியத்தில் அப்படித்தான் வந்தது.

ஆக, நாளைக்கு ஒன்று, இன்றைக்கு ஒன்று, கைநழுவிப் போனதற்கு ஒன்று என மூன்று வாயில்கள். பேரம் பேசுவதும், வாக்குறுதி தருவதும், எச்சரிப்பதும், வருந்துவதும் இவற்றின் வழியேதான் நடக்கின்றன. ஒரு மொழி சடங்குகளிலும் பாட்டிலும் வரவேற்புரையிலும் மட்டும் வாழத் தொடங்கும்போது முதலில் மெலிவது இந்தப் பகுதியே என்பது என் கருத்து. “வருக, வருக” என்று சொல்ல ‘ஆல்’ தேவையில்லை. “சாப்பிட்டு முடித்தால் விளையாடப் போகலாம்” என்று பிள்ளையிடம் சொல்லத்தான் அது தேவை.

இந்த மொழி அச்சேறிய வரலாறு 1815இல் தொடங்குகிறது. தாமஸ் கெண்டல் என்னும் மதபோதகர் அந்த ஆண்டு சிட்னியில் ஒரு சிறு பாடநூலை அச்சிட்டார். 1820இல் அவர் ஹோங்கி ஹிக்கா, வைக்காத்தோ என்னும் இரண்டு மாவோரித் தலைவர்களுடன் இங்கிலாந்து சென்றார். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் சாமுவேல் லீயுடன் அமர்ந்து முதல் இலக்கணமும் சொற்பட்டியலும் உருவாயின. 1842இல் ராபர்ட் மான்செலின் இலக்கணமும், 1844இல் வில்லியம் வில்லியம்ஸின் அகராதியும் தொடர்ந்தன. சமயப் பிரசாரகருக்கு ‘ஆல்’ வாக்கியம் இன்றியமையாதது. நம்பினால் இன்னது கிடைக்கும், நம்பாவிட்டால் இன்னது நேரும் என்று சொல்லாமல் பிரசாரம் ஏது?

இந்த அச்சுப் பணியில் ஈடுபட்ட ஒருவரை நாம் சிறப்பாக நினைக்கக் காரணம் உண்டு. அவர் பெயர் வில்லியம் கொலென்சோ. 1834இன் இறுதியில் அச்சு இயந்திரத்தோடு பாய்ஹியாவில் வந்திறங்கிய இளைஞர். 1837இல் மாவோரி மொழியில் புதிய ஏற்பாட்டை 5000 படிகள் அச்சிட்டு முடித்தவர். இவர் வடக்கே ஃபாஙாரே வட்டாரத்தில் பயணம் செய்தபோது, மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தைச் சமையலுக்குப் பயன்படுத்துவதைக் கண்டார். கூர்ந்து பார்த்தால் அது அடிப்பகுதி உடைந்துபோன ஒரு மணி. அதன் மேல் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. அவை தமிழ் எழுத்துகள்! முகையதீன் என்பவரின் கப்பலுக்கு உரிய மணி என்று அதில் எழுதியிருக்கிறது. ஓர் இரும்புப் பானையைக் கொடுத்து அந்த மணியைக் கொலென்சோ வாங்கினார். இன்று அது வெலிங்டனில் உள்ள தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது அவ்வளவு தூரம் சென்றது எப்படி என்று பலரும் எழுதிய ஊகங்களைப் படித்தால், எல்லாம் ‘வந்திருந்தால்’, ‘இருந்திருந்தால்’ என்றே போகின்றன. நாம் அந்த வழியில் போக வேண்டாம். கொலென்சோவோடு 1840ஆம் ஆண்டுக்குப் போவோம்.

அந்த ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் வைத்தாங்கியில் பிரிட்டிஷ் அரசின் சார்பில் வில்லியம் ஹாப்சனும் மாவோரித் தலைவர்களும் உடன்படிக்கை செய்துகொண்டனர். ஆங்கில மூலத்தை ஹென்றி வில்லியம்ஸும் அவர் மகன் எட்வர்டும் பிப்ரவரி 4ஆம் நாள் இரவில் அவசரமாக மாவோரியில் பெயர்த்திருந்தார்கள். ஆங்கிலப் படியில் இறைமை முழுவதும் அரசிக்குச் சேரும் என்றிருந்தது. மாவோரிப் படியில் அந்த இடத்தில் ‘காவனத்தங்கா’ என்ற சொல் இருந்தது. ‘கவர்னர்’ என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து ஆக்கப்பட்ட அச்சொல்லுக்கு ஆளுகை என்றுதான் பொருள். நிலங்களின் மீதும் ஊர்களின் மீதும் தலைவர்களுக்கு உரிய அதிகாரம் அவர்களிடமே இருக்கும் என்று மாவோரிப் படி உறுதி சொன்னது. முடிவில் 500க்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். அவர்களுள் ஆங்கிலப் படியில் ஒப்பமிட்டவர்கள் 39 பேர் மட்டுமே.

முதல் தலைவராக ஹோனே ஹெக்கே ஒப்பமிட அழைக்கப்பட்ட வேளையில், 28 வயதுக் கொலென்சோ குறுக்கிட்டார். இதில் எழுதியிருப்பது இவர்களுக்கு விளங்கியிருக்கிறதா என்று ஹாப்சனைக் கேட்டார். இந்நிகழ்ச்சியை அவரே 1890இல் வெளிவந்த தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். ஹாப்சன் சொன்ன பதிலின் சாரம் இதுதான்: இவர்களுக்கு விளங்கவில்லை என்றால் அது என் குற்றமன்று, என்னால் ஆனதைச் செய்துவிட்டேன். ஒரு நாட்டின் தலைவிதியை எழுதும் மேசையில் பேசப்பட்ட நிபந்தனை வாக்கியம் அது. ஆங்கிலத்தில் பேசப்பட்டது. சுற்றியிருந்த பெரும்பாலானோருக்கு அந்த வாக்கியமும் விளங்கியிருக்காது. மாவோரியில் சொல்லியிருந்தால் அதை ‘மெஹெமெயா’ என்றுதான் தொடங்கியிருக்க வேண்டும். ஏனெனில் விளங்காமை நாளைக்கு வரப்போகும் ஒன்றன்று, அப்பொழுதே அங்கே இருந்த நிலை.

இதற்குப் பிறகு நிலப்போர்களும் நிலப் பறிமுதல்களும் நடந்தன. அது தனிக்கதை. 1867இல் மாவோரிக் கிராமங்களுக்கான பள்ளிச் சட்டம் வந்தது. பள்ளி வேண்டும் என்று ஊரார் கேட்க வேண்டும்; நிலம் தர வேண்டும்; செலவில் ஒரு பங்கும் ஏற்க வேண்டும். பாடம் மட்டும் இயன்றவரை ஆங்கிலத்தில் நடக்கும். பல ஊர்கள் விரும்பியே நிலம் தந்தன. 1870களில் மாவோரிகள் சிலரே ஆங்கிலக் கல்வி கேட்டு நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினர். அவர்களைக் குறை கூறுவது எளிது. ஆனால் வீட்டில் தம் மொழி இருக்கத்தான் போகிறது, பள்ளியில் இன்னொன்றும் கிடைத்தால் நல்லதுதானே என்று நினைத்த பெற்றோரின் மனம், தோட்டப்புறங்களில் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பிய நம் பெரியோரின் மனத்திலிருந்து வேறுபட்டதன்று.

வீட்டில் இருக்கத்தான் போகிறது என்ற எண்ணம்தான் பொய்த்தது. ஜேம்ஸ் ஹெனாரே என்பவர் இரண்டாம் உலகப் போரில் மாவோரிப் படைப்பிரிவுக்குத் தலைமை ஏற்றவர். சர் பட்டம் பெற்றவர். அவர் முதியவராக 1985இல் வைத்தாங்கி நடுவர் மன்றத்தின் முன் சாட்சி சொன்னார். பள்ளி வளாகத்தில் மாவோரி பேசிய குற்றத்துக்காக, காட்டுக்குப் போய்க் கொடி வெட்டி வரும்படி சிறுவயதில் தம்மை அனுப்பினார்களாம். அவர் வெட்டிக்கொண்டு வந்த கொடியாலேயே அவருக்கு அடி விழுந்ததாம். ஆசிரியர் ஒருவர் சொன்னதையும் அவர் மறக்கவில்லை. வயிற்றுப் பிழைப்புக்கான மொழி ஆங்கிலம்; பிழைக்க வேண்டும் என்றால் ஆங்கிலம்தான் பேச வேண்டும் என்பது அந்த ஆசிரியரின் அறிவுரை. இதுவும் ஓர் ‘ஆல்’ வாக்கியமே. அடியைவிட இந்த வாக்கியம் ஆழமாக இறங்கியது என்றே எண்ணத் தோன்றுகிறது. அடிபட்ட பிள்ளைகள் வளர்ந்து பெற்றோரானபோது, தங்கள் பிள்ளைகளோடு ஆங்கிலத்திலேயே பேசினார்கள்.

1945இல் மாவோரிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவரே நகரத்தில் வாழ்ந்தார். 1960களின் நடுப்பகுதியில் பாதிக்கும் மேற்பட்டோர் நகரவாசிகள் ஆகிவிட்டனர். ஊரில் தாத்தாவும் பாட்டியும் பேசிய மொழி நகரத்து வாடகை வீட்டுக்கு வந்து சேரவில்லை. நடுவர் மன்றத்தின் முன் வைக்கப்பட்ட கணக்கு நெஞ்சைச் சுடுவது. 1913இல் மாவோரிப் பள்ளிப் பிள்ளைகளுள் 100க்கு 90 பேர் தம் மொழி பேச வல்லவர்கள். 1953இல் 100க்கு 26 பேர். 1975இல் 100க்கு 5 பேர்கூட இல்லை.

இந்தச் சரிவின் நடுவில்தான் இளைஞர்கள் எழுந்தார்கள். பள்ளிகளில் மாவோரி கற்பிக்க வேண்டும் என்று 30,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு ஒன்று 1972 செப்டம்பர் 14ஆம் நாள் நாடாளுமன்றத்தில் ஒப்படைக்கப்பட்டது. ஆனால் கையெழுத்திட்டவர்களுள் பலருக்கே அந்த மொழி வராது. எங்கே போய்க் கற்பது? நூல் வழியே இலக்கணம் கற்றால் தேர்வு எழுதலாம். பாட்டியோடு பேச முடியாது.

இங்கேதான் இரண்டு பெண்மணிகள் நினைவுக்கு வருகிறார்கள். ஒருவர் எழுத்தாளரும் ஆசிரியருமான காத்தெரினா மத்தாய்ரா. மற்றவர் பாடல் இயற்றுவதில் வல்லவரான ஙோய் பெஃபைராங்கி. 1970களின் இறுதியில் இவர்கள் ‘தே ஆத்தாராங்கி’ என்னும் கற்பித்தல் இயக்கத்தைத் தொடங்கினர். அதன் கருவி என்ன தெரியுமா? பெல்ஜிய ஆசிரியர் கியூசனேர் சிறுவர்களின் கணக்குப் பாடத்துக்காக உருவாக்கிய வண்ணக் குச்சிகள். ஒரு சென்டிமீட்டரிலிருந்து பத்து சென்டிமீட்டர் வரை, பத்து நீளம், பத்து நிறம். காலெப் கத்தேஞோ என்னும் கல்வியாளர் அவற்றை மொழி கற்பிக்கப் பயன்படுத்தினார். அவர் வழியை இவ்விருவரும் மாவோரிக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார்கள். வகுப்பில் ஆங்கிலம் பேசக் கூடாது. ஒருவர் தடுமாறினால் மற்றவர் அடி எடுத்துக் கொடுக்கக் கூடாது. ஒருவருக்கொருவர் பரிவோடு இருக்க வேண்டும். இந்த மூன்றாவது விதி வெறும் மரியாதைக்காக வைத்ததன்று. தம் மொழியே தமக்கு வராத மாவோரிக்கு உள்ளே ஒரு கூச்சம், ஒரு தலைகுனிவு உண்டு. அதை அவர்கள் ‘ஃபாக்காமா’ என்பார்கள். வெளிநாட்டவர் தவறாகப் பேசினால் சிரித்துவிட்டுப் போகலாம். மாவோரி முகத்தோடு இருப்பவர் தவறாகப் பேசினால் அவருக்கு அது நெஞ்சில் தைக்கும்.

இத்தகைய வகுப்பில் ‘ஆல்’ வாக்கியத்தைப் பழகுவதாக வைத்துக்கொள்வோம். மேசைமேல் குச்சிகள் கிடக்கின்றன. எடுத்தல் ‘தாஙோ’, குச்சி ‘ராக்காவ்’, சிவப்பு ‘ஃபெரோ’, பச்சை ‘காக்காரிக்கி’. ஆசிரியர் எதிரே இருப்பவரிடம் சொல்கிறார்: “கி தே தாஙோ கோயே இ தே ராக்காவ் ஃபெரோ, கா தாஙோ ஆவ் இ தே ராக்காவ் காக்காரிக்கி.” நீ சிவப்புக் குச்சியை எடுத்தால் நான் பச்சைக் குச்சியை எடுப்பேன். எல்லாருடைய கண்ணும் அந்தக் கையின் மேல். எடுப்பாரா, மாட்டாரா? அந்த ஒரு நொடிதான் ‘கி தே’ என்பதன் பொருள். மொழிபெயர்ப்பு தேவையில்லை, கண்ணெதிரே நடக்கிறது. அவர் சிவப்பை விட்டு மஞ்சளை எடுத்துவிட்டார் என்று கொள்வோம். உடனே ஆசிரியர், “மே இ தாஙோ கோயே இ தே ராக்காவ் ஃபெரோ, குவா தாஙோ ஆவ் இ தே ராக்காவ் காக்காரிக்கி” என்கிறார். நீ சிவப்பை எடுத்திருந்தால் நான் பச்சையை எடுத்திருப்பேன். பச்சைக் குச்சி தொடப்படாமல் மேசையில் கிடக்கிறது. ‘மே இ’ என்பதற்கு அதைவிட நல்ல விளக்கவுரை எழுத முடியுமா? நான் பார்த்த இலக்கண நூல்கள் பக்கம் பக்கமாக விளக்கியதை இரண்டு குச்சிகள் செய்துவிடுகின்றன.

1982இல் வெலிங்டனுக்கு அருகே வைனுயியோமாத்தாவில் முதல் ‘கோஹாங்கா ரேயோ’ தொடங்கியது. மொழிக்கூடு என்பது பொருள். பாட்டிமார்கள் சின்னஞ்சிறு குழந்தைகளோடு நாள் முழுதும் மாவோரியிலேயே பேசும் மழலையர் பள்ளி அது. சில ஆண்டுகளுக்குள் நூற்றுக்கணக்கில் பெருகியது. 1986இல் வைத்தாங்கி நடுவர் மன்றம் தன் தீர்ப்பைச் சொன்னது. உடன்படிக்கை பாதுகாப்பதாக உறுதி கூறிய செல்வங்களுள் மொழியும் ஒன்று, அதைக் காப்பது அரசின் கடமை என்றது. 1987இல் மாவோரி ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று. 2018ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் ஏறத்தாழ 1,86,000 பேர் அந்த மொழியில் உரையாட வல்லவர்கள் என்று தெரிய வந்தது.

அந்த 1986ஆம் ஆண்டு அறிக்கையில் ஒரு மாவோரிப் பழமொழி இடம்பெற்றது. அதில்தான் நான் முன்பு நினைவில் வைக்கச் சொன்ன ‘ஙாரோ’ வருகிறது. மொழி மறைந்தால் நாமும் மறைவோம், மோவாப் பறவை மறைந்தது போல என்பது அதன் பொருள். மோவா என்பது நியூசிலாந்தில் வாழ்ந்து அடியோடு அழிந்துபோன மாபெரும் பறவை. வியப்பு என்னவென்றால், அந்தப் பழமொழியின் மூலத்தில் ‘ஆல்’ என்பதற்கு உரிய சொல்லே கிடையாது. ‘கி தே’ இல்லை, ‘மெஹெமெயா’ இல்லை, ‘மே இ’யும் இல்லை. ‘கா ஙாரோ’ என்று இரண்டு முறை அடுத்தடுத்து வருகிறது, அவ்வளவே. மொழி மறையும், நாம் மறைவோம். நிபந்தனை என்பது கேட்பவர் மனத்தில் தானாகவே பிறக்கிறது. அதை ‘மறைந்தால்’ என்று எடுத்துக்கொள்வதா, ‘மறையும்போது’ என்று எடுத்துக்கொள்வதா என்பதைப் பேசுபவரின் குரலும் கேட்பவரின் காலமும்தான் முடிவு செய்கின்றன.

இன்னும் ஒரு தொடர் பாக்கி இருக்கிறது. ‘மே இ’யோடு இன்மையைக் குறிக்கும் ‘கோரே’யைச் சேர்த்து, “மே இ கோரே ஆக்கே கோயே” என்று சொல்வார்கள். நீங்கள் மட்டும் இல்லாதிருந்தால் என்பது சொற்பொருள். அதற்கு மேல் வாக்கியத்தை முடிக்க வேண்டியதில்லை. யாரேனும் தக்க வேளையில் கைகொடுத்தால் அவரிடம் நன்றியாகச் சொல்லும் தொடர் அது. நம்மவரும் “நீங்க மட்டும் இல்லேன்னா…” என்று தொடங்கி, பாதியிலேயே நிறுத்திக் கையைப் பிடித்துக்கொள்வதில்லையா?

நேயர்கள் பழகிப் பார்க்க விரும்பினால், தொடக்கத்தில் சொன்ன மழை வாக்கியத்தை முதலில் பழகலாம். பிறகு அதன் மறுதலையை எடுத்துக்கொள்ளலாம்: “கி தே கோரே ஏ உவா ஆப்போப்போ, கா ஹாயிரே ஆவ் கி தே தாஓனே.” நாளை மழை பெய்யாவிட்டால் நான் பட்டணத்துக்குப் போவேன். நம் ஊர் வானத்தைப் பார்த்தால் இரண்டு வாக்கியங்களுக்குமே வேலை இருக்கும் போலிருக்கிறது.